பாட்டியின் கைப்பக்குவமும் டப்பாவின் பின்பக்கமும்: அமெரிக்க வீட்டுச் சமையல் குறிப்புகளின் வரலாறு

நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையில் வரும் நன்றி நவிலல் நாளன்று, அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றின் மேசையில் வான்கோழிக்குப் பக்கத்தில் பீன்ஸ் கேசரோல் தவறாமல் இடம்பெறும். ஆழமான பாத்திரத்தில் காய்கறியையும் சாற்றையும் கலந்து, ஓவனில் சுட்டு, அந்தப் பாத்திரத்தோடே பரிமாறும் பண்டத்துக்குக் கேசரோல் என்று பெயர். கொள்ளுப்பாட்டி காலத்திலிருந்து வருவது என்று பலரும் நம்பும் இந்தப் பீன்ஸ் கேசரோல், 1955இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில், கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில், டார்கஸ் ரைலி என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. பீன்ஸ், டப்பாவில் வரும் காளான் கிரீம் சூப், பால், சோயா சாஸ், மிளகு, பொரித்த வெங்காயம் என்று ஆறே பொருள்கள்தான். எந்த வீட்டிலும் எப்போதும் இருக்கக்கூடிய பொருள்களைக் கொண்டு செய்ய வேண்டும், அதே வேளையில் நிறுவனத்தின் சூப் விற்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளுக்கும் அது விடையாக அமைந்தது. அந்தக் குறிப்பு எழுதப்பட்ட அட்டை, தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கத்துக்கு 2002இல் வழங்கப்பட்டது. வீட்டுச் சமையல் என்று கொண்டாடப்படும் ஒன்று கண்டுபிடிப்புகளின் வரிசையில் வைக்கப்பட்டது விந்தையாகத் தோன்றலாம்; ஆனால் அதற்குப் பொருத்தமான இடம் அதுதான் என்பதை அமெரிக்க வீட்டுச் சமையலின் இருநூறாண்டு வரலாறு காட்டுகிறது.

பழைய அமெரிக்கக் குறிப்புகள் என்று இன்று தேடிச் சேகரிக்கப்படுபவை பெரும்பாலும் 3 அங்குலத்துக்கு 5 அங்குல அட்டைகளில் கையால் எழுதப்பட்டு, சிறிய தகரப் பெட்டியிலோ மரப்பெட்டியிலோ அடுக்கப்பட்டிருப்பவை. எண்ணெய்க் கறையும் மங்கிய மையும் அவற்றுக்குப் பரம்பரைச் சொத்தின் மதிப்பைக் கொடுத்துவிடுகின்றன. கொஞ்சம் கவனித்துப் படித்தால், அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் மாவு ஆலை, சூப் தொழிற்சாலை, அரசின் வேளாண்மைத் துறை, தேவாலயப் பெண்கள் சங்கம், வானொலி நிலையம் என்று பலரும் நிற்பது தெரியும். இதனால் அந்தக் குறிப்புகள் போலி என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் வீட்டுச் சமையல் என்பது தொடக்கத்திலிருந்தே அச்சோடும் சந்தையோடும் சேர்ந்தே வளர்ந்தது என்பதுதான் இதற்குப் பொருள்.

குடியேற்றக் காலத்தில் அச்சான சமையல் நூல்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. 1742இல் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் அச்சிடப்பட்ட முதல் சமையல் நூலும் இலண்டனில் ஏற்கெனவே வெளிவந்த எலிசா ஸ்மித் என்பவரின் நூலின் மறுபதிப்பே. விடுதலைக்குப் பிறகு, 1796இல், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண் வெளியிட்ட ‘அமெரிக்கன் குக்கரி’தான் அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் நூல் என்று கொள்ளப்படுகிறது. ‘அமெரிக்க அநாதை’ என்று அதன் அட்டையிலேயே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட இவரைப் பற்றி அதற்கு மேல் அதிகம் தெரியாது. ஐம்பது பக்கத்துக்கும் குறைவான அந்த நூலில் பாதிக்கு மேல் ஆங்கிலேய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டது என்றாலும், மீதியில் ஒரு புதிய நாடு தெரிகிறது. மக்காச்சோள மாவில் செய்யும் புட்டிங் வகைகள் மூன்று, அதே மாவில் சுடும் அடை, பூசணிக்காயைக் கொண்டு செய்யும் இனிப்பு, வான்கோழிக்குத் தொட்டுக்கொள்ளக் கிரான்பெர்ரி ஆகிய இவை பூர்வகுடி மக்களின் விளைபொருள்கள் ஆங்கிலேய முறைக்குள் புகுந்ததற்கு அச்சில் கிடைக்கும் முதல் சாட்சிகள். தனக்குப் போதிய கல்வி இல்லாததால் நூலை அச்சுக்குத் தயாரிக்க வேறொருவரை அமர்த்தியதாகவும், அவர் தன் சம்மதமில்லாமல் பொருள்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பக்கங்களைச் சேர்த்துவிட்டதாகவும் சிம்மன்ஸ் பின்னர் முறையிட்டார். சமைத்தவர் ஒருவராகவும் எழுதியவர் வேறொருவராகவும் இருக்கும் சிக்கல் முதல் நூலிலேயே தொடங்கிவிட்டது.

அந்த நூலின் முக்கியமான புதுமை சுவையில் இல்லை, வேதியியலில் இருந்தது. மாவைப் பொங்க வைக்க அதுவரை இரண்டு வழிகளே இருந்தன: ஒன்று, பீர் வடிப்பவரிடமிருந்து வாங்கியோ வீட்டில் வளர்த்தோ ஈஸ்ட் சேர்ப்பது, மற்றொன்று, முட்டையைக் கை ஓயும்வரை அடித்துக் காற்றை ஏற்றுவது. சிம்மன்ஸின் குறிப்புகளிலோ மரச்சாம்பலிலிருந்து எடுத்துத் தூய்மையாக்கிய பேர்லாஷ் என்ற காரப்பொருள் வருகிறது. காடுகளை அழித்து வயல்களாக்கிக்கொண்டிருந்த நாட்டில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை; அமெரிக்க அரசு 1790இல் வழங்கிய முதல் காப்புரிமையே இந்தச் சாம்பல் உப்பைத் தயாரிக்கும் முறைக்காகத்தான். புளித்த பாலோ மொலாசஸ் என்ற கரும்பாகோ சேரும்போது பேர்லாஷ் கரியமில வாயுவை வெளிவிட்டு மாவை நொடியில் பொங்கச் செய்தது. புளிப்பு போதாமல் போனால் கொழுப்போடு கூடிச் சவர்க்காரச் சுவையைக் கொடுத்தது. 1840களில் பேக்கிங் சோடா பரவியது. ஜெர்மனியில் வேதியியலாளர் லீபிக்கிடம் பயின்ற ஹார்வர்டு பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு, காரத்தோடு சேர வேண்டிய அமிலத்தையும் தூளாகவே கொடுக்கும் கால்சியம் பாஸ்பேட்டுக்கு 1856இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு பேக்கிங் பவுடர் டப்பா வீட்டுக்கு வீடு நுழைந்தது.

இந்த ஒரு டப்பா அமெரிக்கச் சமையலை மாற்றிய அளவுக்கு வேறெதுவும் மாற்றவில்லை என்பது என் கருத்து. ஒரு பவுண்டு வெண்ணெய், ஒரு பவுண்டு சர்க்கரை, ஒரு பவுண்டு மாவு, ஒரு பவுண்டு முட்டை என்ற பழைய பவுண்டு கேக்குக்குத் தராசும் வேண்டும், முட்டையை அடிக்கப் பணியாளின் கையும் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனிடத்தில் பரவிய ‘ஒன்று இரண்டு மூன்று நான்கு’ கேக்குக்கு ஒரு கப் வெண்ணெய், இரண்டு கப் சர்க்கரை, மூன்று கப் மாவு, நான்கு முட்டை என்று எண்ணத் தெரிந்தால் போதும்; பொங்க வைப்பதைப் பவுடர் பார்த்துக்கொள்ளும். காலை உணவுக்குச் சுடச்சுடப் பிஸ்கட் எனப்படும் சிறு மென்ரொட்டி, தட்டையான பேன்கேக், அடுக்கடுக்கான கேக் ஆகியவை பணியாளில்லாத சாதாரண வீட்டிலும் செய்யக்கூடியவை ஆயின. அமெரிக்கப் பழைய குறிப்புப் பெட்டிகளில் கறி வகைகளைவிட இனிப்பு வகைகள் ஏன் அதிகம் என்ற கேள்விக்கு ஒரு விடை இங்கே இருக்கிறது. இறைச்சியை வதக்கவும் வேகவைக்கவும் கண்ணும் கையும் போதும். கேக்கில் வேதிவினை நடப்பதால் அளவு தவறக்கூடாது, ஆகவே எழுதி வைத்தாக வேண்டும்.

அளவு தவறக்கூடாது என்றாலும், அளவுகளே ஒழுங்கில்லாமல் இருந்த காலம் அது. முட்டை அளவு வெண்ணெய், வாதுமைக்கொட்டை அளவு கொழுப்பு, ஒரு தேநீர்க் கிண்ணம் மாவு, ஒரு ஒயின் கிளாஸ் ரோஜாநீர் என்றெல்லாம் எழுதினார்கள். இதற்கு ஒரு முடிவு கட்டியவர் ஃபேனி ஃபார்மர். பதினாறாம் வயதில் பக்கவாதத்தால் நடக்க முடியாமல் போய்ப் படிப்பை இழந்த அவர், முப்பது வயதையொட்டி 1879இல் நிறுவப்பட்டிருந்த பாஸ்டன் சமையல் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே அதன் தலைவரானார். 1896இல் அவர் எழுதிய பாஸ்டன் சமையல் பள்ளி நூலைப் பதிப்பகத்தார் நம்பவில்லை. 3,000 படிகளுக்கான செலவை அவரே ஏற்க வேண்டியிருந்தது. கப், மேசைக்கரண்டி, தேக்கரண்டி எதுவானாலும் கத்தியால் தலைதட்டி அளக்க வேண்டும் என்ற அவருடைய விதி அமெரிக்கச் சமையலறையின் சட்டமாயிற்று. ஐரோப்பா தராசில் நிறுத்துச் சமைக்க, அமெரிக்கா மட்டும் இன்றுவரை கப்பில் அளந்து சமைப்பதை இந்த நூல் உறுதிப்படுத்தியது. தராசில்லாத குடியேறிகளின் பழக்கத்தை அறிவியலின் பெயரால் நிலைநிறுத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனெனில் மாவை அழுத்தி நிரப்பினால் ஒரு கப் ஒரு எடை, தளர நிரப்பினால் வேறொரு எடை.

நம் வாசகர்களுக்கு இங்கே ஒரு கிளைச்செய்தி. அதே பாஸ்டன் நூலில், சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் மிளகுத்தண்ணீரிலிருந்து உருவாக்கிக்கொண்ட மல்லிகட்டானி சூப்பும் இருக்கிறது. அதில் கோழி, தக்காளி, கேரட், ஆப்பிள் எல்லாம் சேர்ந்து ஒரு தேக்கரண்டி கறித்தூளில் அடங்கிவிடுகின்றன. அதற்கும் முன்னதாக, 1824இல் வெளிவந்த மேரி ராண்டால்ஃபின் ‘வர்ஜீனியா ஹவுஸ் வைஃப்’ நூல் கறித்தூளை வீட்டில் அரைக்கும் முறையைச் சொல்கிறது: மஞ்சள், மல்லி, சீரகம், சுக்கு, சாதிக்காய், சாதிப்பத்திரி, மிளகாய் ஒவ்வொன்றும் ஒரு அவுன்ஸ். மல்லியும் சாதிக்காயும் சம அளவு என்பதைப் படித்ததும் நம்மவர் யாரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

ராண்டால்ஃபின் நூலைக் குறிப்பிட்ட பிறகு, அதில் பெயர் வராதவர்களைக் குறிப்பிடாமல் நகர முடியாது. தென் மாநிலங்களின் சமையல் என்று அந்த நூலும் அதைப் பின்பற்றியவையும் பதிவு செய்த வெண்டைக்காய்ச் சூப், அரிசியும் காராமணியும் சேர்ந்த சோறு, எள் சேர்த்த பண்டங்கள் ஆகியவற்றின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அடுப்படியில் நின்று அவற்றைச் செய்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட மக்கள். ஏட்டில் எழுதிப் பெயர் பெற்றவர்கள் வீட்டு எசமானிகள். மூன்றாம் அதிபர் ஜெஃபர்சன் பிரான்சுக்கு அழைத்துச் சென்று பயிற்சி கொடுத்த அடிமைச் சமையல்காரர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ், தன் தம்பிக்கு அந்தக் கலையைக் கற்றுக்கொடுத்துவிட்டே 1796இல் விடுதலை பெற முடிந்தது. அமெரிக்காவின் முதல் சமையல் நூல் வெளிவந்த ஆண்டும் அதுதான்.

கறுப்பினப் பெண் ஒருவர் எழுதியதாக நமக்குத் தெரிந்த முதல் சமையல் நூல் 1866இல் மிச்சிகனின் பா பா என்ற சிற்றூரில் அச்சானது. அதை எழுதிய மலிண்டா ரசல் அடிமையாக இருந்தவரல்லர். டென்னசியில் பிறந்த சுதந்திரப் பெண். உடைமைகளைக் கொள்ளை கொடுத்து வடக்கே வந்த அவர், ஊர் திரும்பப் பணம் சேர்ப்பதற்காக அந்த நூலை வெளியிட்டார். அதன் ஒரே ஒரு படிதான் எஞ்சியிருப்பதாகத் தெரிகிறது. அது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சமையல் ஆவணத் தொகுப்பில் இருக்கிறது. அதில் தென்னாட்டு ஏழைச் சமையல் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் நூலின் பெரும்பகுதி ஐரோப்பிய பாணிக் கேக்குகளும் இனிப்புகளும்தான். கறுப்பினச் சமையல்காரர் என்றால் இன்னதுதான் செய்வார் என்ற முன்முடிவை அந்தச் சிறு நூல் உடைக்கிறது. 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் தன் ஊறுகாய்களுக்கும் சர்க்கரையில் பதப்படுத்திய பழங்களுக்கும் பரிசுகள் பெற்றிருந்த அபி ஃபிஷர், அடிமைத்தனத்தில் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதி அவருடைய நூல் உருவானது. இதே காலத்தில் சந்தை செய்தது வேறு: 1889இல் ‘ஆன்ட் ஜெமைமா’ என்ற கற்பனைக் கறுப்பினப் பணிப்பெண்ணின் பெயரில் பேன்கேக் மாவு விற்பனைக்கு வந்தது. 1893இன் சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த வேடத்தை ஏற்றவர், அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன். அந்தப் பெயர் கைவிடப்பட்டது 2021இல்தான்.

உள்நாட்டுப் போரின்போது அமெரிக்கப் பெண்கள் இன்னொரு வகை நூலையும் கண்டுபிடித்தார்கள். காயமடைந்த வடபடை வீரர்களுக்கு நிதி திரட்ட 1864இல் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியில் விற்பதற்காக ஒரு சமையல் நூல் வெளியிடப்பட்டது. நற்பணிக்காக விற்கப்பட்ட சமையல் நூல்களில் முதலாவதாக அது கருதப்படுகிறது. அந்த வழி உடனே பற்றிக்கொண்டது. ஓஹாயோவின் மேரிஸ்வில் ஊரில் போதகருக்கு வீடு கட்டித் தர வேண்டுமா, பாஸ்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் உறுப்பினர்களிடம் ஆளுக்கு இரண்டு குறிப்பு வாங்கி அச்சிட்டு விற்றார்கள். 1886இல் பாஸ்டனில் வெளிவந்த வாக்குரிமைச் சமையல் நூலுக்குக் குறிப்பு கொடுத்தவர்களில் இயக்கத்தின் முன்னணிப் பெண்களும் உண்டு. சமையலறையை விட்டு வெளியே வரத் துடிக்கும் பெண்கள் என்ற கேலிக்கு அது பதிலாகவும் பயன்பட்டது. மில்வாக்கி நகரில் யூத அகதிகளுக்காக நடந்த சேவை இல்லத்தில் சமையல் வகுப்பு எடுத்த லிசி கேண்டர், மாணவிகள் கரும்பலகையைப் பார்த்து எழுதி நேரத்தை வீணாக்காமல் இருக்க, குறிப்புகளை அச்சிட 18 டாலர் கேட்டபோது நிர்வாகக் குழுவின் ஆண்கள் மறுத்துவிட்டார்கள். அவர் விளம்பரங்களைப் பிடித்து 1901இல் அச்சிட்ட ‘செட்டில்மென்ட் குக் புக்’ பல பத்தாண்டுகளுக்கு விற்று, அந்த வருமானம் அந்தச் சேவை இல்லத்துக்கே புதுக் கட்டடம் எழுப்ப உதவியது. இவ்வகை ஊர் நூல்களில் ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும். பெரும்பாலும் அது கணவரின் பெயருக்கு முன்னால் திருமதி என்று சேர்த்த பெயர்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் குறிப்பு எழுதும் வேலையை நிறுவனங்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டன. புதிய பொருளை விற்க வேண்டுமானால் அதைக் கொண்டு என்ன செய்வது என்று முதலில் சொல்லித்தர வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் லெராய் ஊரில் இருமல் மருந்து தயாரித்து வந்த ஒருவர் 1897இல் பழச்சுவை சேர்த்த ஜெலட்டின் தூளை உருவாக்கி, விற்க வழி தெரியாமல் 1899இல் 450 டாலருக்கு அதன் உரிமையைக் கைமாற்றிவிட்டார். வாங்கிய ஆரேட்டர் உட்வர்டின் விற்பனையாளர்கள் வீடுவீடாகக் குறிப்புச் சிறுநூல்களை இலவசமாகக் கொடுத்தே ஜெல்லோ என்ற அந்தத் தூளை நாடறியச் செய்தார்கள். விலங்குகளின் எலும்பையும் காலையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்தே முன்பு பெற முடிந்ததால் பணக்கார வீடுகளின் அடையாளமாக இருந்த உறைகூழ், பத்து சென்ட் பொட்டலத்தில் கிடைக்கத் தொடங்கியது. முட்டைக்கோஸும் செலரியும் உறைந்து நிற்கும் ‘சாலட்’ வகைகளைப் பார்த்து இன்றைய தலைமுறை சிரிக்கிறது. எளிய வீட்டுப் பெண்ணுக்கு அவை ஒரு காலத்தில் எட்டாத நாகரிகமாக இருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பில் பாதி குறைந்துவிடும்.

பருத்திக்கொட்டை எண்ணெயைக் கெட்டியாக்கிப் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் 1911இல் கிரிஸ்கோவைக் கொண்டுவந்தபோது, பன்றிக்கொழுப்புக்கும் வெண்ணெய்க்கும் பழகிய கைகளை மாற்ற 615 குறிப்புகள் கொண்ட நூலைத் தயாரித்தது. பாலும் இறைச்சியும் கலக்கக்கூடாது என்ற விதியுள்ள யூத வீடுகளுக்கு இது வரப்பிரசாதம் என்று கண்டுகொண்ட நிறுவனம், 1933இல் இத்திஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு குறிப்பு நூலை அச்சிட்டது. ஹவாய் அன்னாசி நிறுவனம் 1925இல் போட்டி ஒன்றை அறிவித்தபோது சுமார் 60,000 குறிப்புகள் வந்து குவிந்தன. அவற்றில் ஏறத்தாழ 2,500, அன்னாசி வளையங்களை அடியில் அடுக்கிச் சுட்டுத் தலைகீழாகக் கவிழ்க்கும் கேக்குக்கானவை. இதிலிருந்து, குறிப்புகள் எல்லாம் மேலிருந்து கீழே இறங்கியவை என்று சொல்லிவிட முடியாது என்பதும் தெரிகிறது. டப்பாவைக் கொடுத்தது நிறுவனம், கேக்கைக் கண்டது வீடுகள்.

இந்த உறவின் உச்சம் பெட்டி கிராக்கர். மினியாபொலிஸின் மாவு ஆலை நிறுவனமான வாஷ்பர்ன் கிராஸ்பி 1921இல் ஒரு புதிர் விளம்பரம் வெளியிட்டது. விடைகளோடு கேக் ஏன் அமுங்குகிறது, பை (மாவுத்தட்டில் பழம் நிரப்பிச் சுடும் பண்டம்) மாவு ஏன் கெட்டியாகிறது என்ற கேள்விகளும் ஆயிரக்கணக்கில் வந்தன. பெண்களின் கேள்விக்கு ஆண்களின் கையெழுத்தில் பதில் அனுப்புவது பொருந்தாது என்று கருதி, ஓய்வுபெற்ற இயக்குநர் ஒருவரின் குடும்பப் பெயரோடு பெட்டி என்ற இணக்கமான பெயரைச் சேர்த்து ஒரு பெண்ணைக் கற்பித்தார்கள். 1924 முதல் அவர் வானொலியில் பேசினார். 1936இல் அவருக்கு முகமும் வரையப்பட்டது. 1945இல் ஃபார்ச்சூன் இதழ், அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்தபடியாக நாடறிந்த பெண் இவர்தான் என்று எழுதியது. அரசும் சளைக்கவில்லை. வேளாண்மைத் துறை 1926இல் ‘ஆன்ட் சாமி’ என்ற கற்பனை அத்தையை வானொலியில் பேசவைத்தது. ஒரே உரையை ஒவ்வொரு நிலையத்திலும் வெவ்வேறு பெண் வாசித்தார். இல்லாத இரண்டு பெண்கள் ஒரு நாட்டின் சமையலுக்கு ஆசிரியைகளாக இருந்தார்கள். அந்தக் குரல்களுக்குப் பின்னால் கல்லூரியில் மனையியல் படித்த உண்மையான பெண்கள் பலர், மற்றத் துறைகள் தங்களுக்குக் கதவடைத்த காலத்தில், சோதனைச் சமையலறைகளில் அமர்ந்து வேலை செய்தார்கள்.

அவர்களுடைய திறமையை மறைத்து எழுந்த கதைகள் இரண்டைச் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸின் விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு, சமையல் சாக்லேட் தீர்ந்துபோனதால் வேறு சாக்லேட்டை உடைத்துப் போட்டார், அது உருகாமல் நின்று சாக்லேட் சிப் குக்கி பிறந்தது என்பார்கள். மனையியல் படித்துப் பட்டம் பெற்று, உணவியல் வல்லுநராகவும் பணியாற்றியவர் அவர். ஏற்கெனவே தன் விடுதியில் பரிமாறி வந்த குக்கிக்கு மாற்றாகத் திட்டமிட்டுச் செய்து பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1930களின் இறுதியில் அந்தக் குறிப்பு நெஸ்லே சாக்லேட் உறையில் ஏறி, பின்னர் கோடிக்கணக்கான வீடுகளின் ‘எங்கள் பாட்டி குக்கி’ ஆயிற்று.

இரண்டாவது கதை கேக் மிக்ஸ் பற்றியது: தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்ற மிக்ஸ் பெண்களுக்குக் குற்ற உணர்ச்சியைத் தந்ததாகவும், எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளரின் யோசனைப்படி ஒரு முட்டையைச் சேர்க்கச் சொன்னதும் விற்பனை பெருகியதாகவும் விளம்பரத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பிட்ஸ்பர்க்கின் டஃப் நிறுவனம், மொலாசஸ் தேங்கிக் கிடந்ததால் அதை மாவோடு உலர்த்தி 1930களின் தொடக்கத்திலேயே இஞ்சிக் கேக் மிக்ஸுக்குக் காப்புரிமை பெற்றது. 1935இல் அது பெற்ற அடுத்த காப்புரிமையிலேயே, வீட்டுப் பெண்கள் புது முட்டையைத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்லி முட்டைத்தூள் நீக்கப்பட்டுவிட்டது. டிக்டர் பேசியதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. புது முட்டை சேர்ந்த கேக் நன்றாக வரும், உலர்ந்த முட்டையில் வாடை வரும் என்ற எளிய உண்மைக்கு உளவியல் தேவையில்லை.

பஞ்சமும் போரும் பழைய பெட்டிகளில் தனி அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கின்றன. 1863இல், முற்றுகையில் தவித்த தென்பகுதியின் ரிச்மண்டில் அச்சான ஒரு சிறுநூல் ஆப்பிள் இல்லாத ஆப்பிள் பையைச் சொல்கிறது: பிஸ்கட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையும் டார்டாரிக் அமிலமும் சேர்த்து, மாவுத்தட்டில் நிரப்பிச் சுட வேண்டும். ஆப்பிளின் சுவை என்று நாக்கு நினைப்பதில் பெரும்பங்கு புளிப்பும் இனிப்பும் சேர்ந்த கலவைதான் என்பதால் இந்த ஏமாற்று பலித்தது. 1934இல் ரிட்ஸ் பிஸ்கட் வந்த பிறகு அதே பை பொட்டலத்தின் மீது ஏறி, பொருளாதாரப் பெருமந்தத்தின் கண்டுபிடிப்பு என்று பெயர் வாங்கிவிட்டது. முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் இல்லாமல், திராட்சையையும் சர்க்கரையையும் கொழுப்பையும் மசாலாவோடு கொதிக்கவைத்து ஆறவிட்டு மாவு கலந்து சுடும் கேக்குக்கு முதல் உலகப்போரில் போர்க் கேக் என்று பெயர். 1930களில் அதுவே பெருமந்தக் கேக். 1942 மே மாதம் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததும் மீண்டும் போர்க் கேக். 1933 மார்ச்சில் அதிபர் மாளிகையிலேயே, கார்னெல் பல்கலைக்கழக மனையியலாளர்கள் வகுத்த ஏழரை சென்ட் மதிய உணவை எலினார் ரூஸ்வெல்ட் பரிமாறச் செய்தார். தக்காளிச் சாற்றில் முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, உலர் பிளம் புட்டிங், காபி ஆகியவையே அன்றைய பட்டியல். நாட்டுக்கு முன்மாதிரியாக இருந்த அந்தச் சாப்பாடு, விருந்தினர்களுக்கு அந்த மாளிகையின் சமையல் மீது நல்லெண்ணம் எதையும் வளர்க்கவில்லை என்பதும் வரலாறு.

இன்று இந்தக் குறிப்புகளைப் பார்த்துச் சமைக்க விரும்புவோர் முதலில் மோதிக்கொள்வது அளவில்தான். 1915ஐ ஒட்டியே எரிவாயு ஓவன்களில் வெப்பச் சீராக்கி பொருத்தப்பட்டது. அதற்கு முந்திய குறிப்புகள் மந்தமான ஓவன், மிதமான ஓவன், வேகமான ஓவன் என்று மட்டும் சொல்லும். வெள்ளைத் தாளை உள்ளே வைத்து அது எவ்வளவு நேரத்தில் பழுப்பாகிறது என்று பார்த்து அந்தக் காலப் பெண்கள் சூட்டை அறிந்தார்கள். மிதமானது என்பதை 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 180 டிகிரி செல்சியஸ் என்று கொள்வது வழக்கம். ‘ஒலியோ’ என்று எழுதியிருந்தால் அது வெண்ணெய்க்கு மாற்றான மார்கரின். பால்பண்ணை முதலாளிகளின் நெருக்குதலால் மஞ்சள் நிற மார்கரினுக்குத் தனி வரி விதிக்கப்பட்டிருந்ததால், வெள்ளையாக வாங்கி வீட்டில் நிறப்பொடி பிசைந்து சேர்த்துக்கொண்டார்கள். கூட்டரசு அந்த வரியை 1950இல் நீக்கிய பிறகும் விஸ்கான்சின் மாநிலம் 1967 வரை தடையை விடவில்லை. முட்டை அளவு வெண்ணெய் என்பது ஏறக்குறைய கால் கப்.

ஆச்சரியம் என்னவென்றால், நூறாண்டுக்கு முந்திய குறிப்பைவிட ஐம்பது ஆண்டுக்கு முந்திய குறிப்பே அதிகத் தொல்லை தருகிறது. வெண்ணெயும் மாவும் மாறவில்லை, பொட்டலங்கள் மாறிவிட்டன. ‘இரண்டாம் எண் டப்பா’ அன்னாசி என்றால் சுமார் 20 அவுன்ஸ், அதாவது இரண்டரை கப். ‘303ஆம் எண் டப்பா’ என்றால் சுமார் 16 அவுன்ஸ். இந்த எண்களை இன்றைய கடையில் யாரும் அறியார். ‘ஒரு பெட்டி மஞ்சள் கேக் மிக்ஸ்’ என்று 1970களின் அட்டையில் எழுதியிருந்தால் அன்றைய பெட்டியின் எடை பதினெட்டு அவுன்ஸுக்கு மேல். இன்றைய பெட்டிகளில் பல பதினைந்தே கால் அவுன்ஸுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிட்டன. முட்டையையும் எண்ணெயையும் பழைய அளவிலேயே ஊற்றினால் கேக் நடுவில் குழிந்துவிடும். ஆகவே பழைய அட்டையை வைத்திருப்பவர்கள் இன்றைய பெட்டியோடு அரை கப் மாவையும் கொஞ்சம் சர்க்கரையையும் சிட்டிகை பேக்கிங் பவுடரையும் கூடுதலாகச் சேர்த்து ஈடுகட்டி, அந்தத் திருத்தத்தை அட்டையின் ஓரத்தில் எழுதி வைக்கிறார்கள்.